எதிர்ச்சுவர் முகம்

பிள்ளையார்பாளையத்தில் நான் குடியிருந்த தெருவில், விடிந்து எட்டு மணி வரைக்கும் யாரும் குறுக்கே போக முடியாது. தெருவின் நீளத்துக்கும் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிபோடப் பத்துப் பேராவது வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு எதிர்வீட்டார் வந்து நிற்பது அங்கே வழக்கம். 1938ஆம் வருஷம் ஆனி மாதம் அந்தத் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தபோதும் இது நிற்கவில்லை. கைகள் வேலை செய்தன. வாய் மட்டும் பேசவில்லை.

வடக்கு வரிசை வீடுகள் மூவர்ணக் கொடிக்காரர்கள். தெற்கு வரிசை தமிழ்க் கட்சி. பள்ளிக்கூடத்தில் இந்தி வைக்கலாமா கூடாதா என்பதில் தொடங்கிய சண்டை அது. வடக்கு வரிசையில் பஜனைக் கூடத்தின் தெருப்பக்கச் சுவரில் பாரத மாதா படம் எழுத ஏற்பாடானது. ஒரு வாரத்துக்குள், அதற்கு நேர் எதிரே நூல் கிடங்கின் சுவரில் தமிழ்த்தாய் படம் எழுத மற்றவர்கள் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு தாய்மாருக்கும் நடுவில் இருபது அடித் தெருவும் ஒரு பாவும்தான்.

பாரத மாதாவை எழுதியவர் நமச்சிவாயம். அவர் வீட்டு முன்னறையில்தான் நான் குடியிருந்தேன். ஏனாத்தூரிலிருந்து வந்த எனக்குப் பகலில் ஒரு ஜரிகைக் கடையில் கட்டுக் கட்டும் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரு தமிழ் வாத்தியாரிடம் கட்டுரை வகுப்பு. வகுப்புக்காக தினமும் அரைப் பக்கம் எழுத வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது என்பது விதி. இப்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எது பார்த்தது, எது நினைத்தது என்று சில இடங்களில் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

தமிழ்த்தாயை எழுதியவர் கோதண்டபாணி. அவரும் நமச்சிவாயமும் பன்னிரண்டு வருஷம் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். கல்யாணச் சத்திரத்துச் சுவர், கோயில் வாகனம், நாடகக் கொட்டகைத் திரை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஒரு திரையின் அடியில் யார் பெயரை முதலில் எழுதுவது என்பதில் தகராறு வந்து, ஐந்து வருஷத்துக்கு முன் பிரிந்தார்கள். தூரிகை, சட்டி, ஏணி, மாதிரித் தாள்கள் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு பேச்சில்லை. தெருவில் எதிரே வந்தால் நமச்சிவாயம் காறித் துப்பிவிட்டு நடப்பார்.

கோதண்டபாணி சாரத்தில் நின்று சீட்டியடித்தபடி வேலை செய்வார். கீழே போகிறவர்களிடம் வெற்றிலை கேட்பார். எட்டு முறை அடித்து எழுதினால்தான் ஒரு வரி வரும் என்ற நிலையில் இருந்த எனக்கும் அவரைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனி பத்தாம் தேதிக்குள் நமச்சிவாயத்தின் சுவரில் புடவைக் கரை, கொடி, சிங்கம், பின்னால் மலை எல்லாம் முடிந்திருந்தன. முகம் மட்டும் பாக்கி. முகத்தைக் கடைசியில் எழுதுவதுதான் அவர்கள் வழக்கம். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை கோதண்டபாணி தன் சுவரை மறைத்திருந்த கோணிப் படுதாவை அவிழ்த்தார்.

பாவு பிடித்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், வடக்கு வரிசைக்காரர்களும்தான். ஒரு இழை அறுந்தது, யாரும் குனியவில்லை. சுவரில் இருபது வயதுப் பெண்ணின் முகம். கொஞ்சம் கிழக்குப் பக்கம் சாய்ந்து பார்த்தது. சிரிக்கவில்லை. ஆனால் இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் சிரித்துவிடும் போலிருந்தது. ஒரு புருவத்தின் நடுவில், மயிர் முளைக்காத ஒரு சிறு வெட்டு.

அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தது. “நம்ம அம்சவேணியாட்டமே இருக்குதுபா. கல்யாணம் கட்டிக்கினு வந்தப்போ இப்படியேதான் இருந்தா.”

அம்சவேணி நமச்சிவாயத்தின் மனைவி. எட்டு வயதில் தறிக் குழிக்குள் தவறி விழுந்து புருவத்தில் அடிபட்டவர். அந்த வெட்டு அவருக்கும் உண்டு. கிருஷ்ணம்மாள் சொன்னபோது நமச்சிவாயம் தன் சாரத்தின் மேலே இருந்தார். தூரிகையைச் சட்டித் தண்ணீரில் அலசினார், உதறினார், மறுபடியும் அலசினார். பிறகு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்சவேணி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஊடைக்கு, அதாவது குறுக்கு இழைக்கு, வேண்டிய பட்டு நூலைச் சிறு குழல்களில் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்பார்கள். தெற்கு வரிசையில் ஒரு வீட்டுக்கு அவர் தினமும் தார் கொண்டுபோய்க் கொடுப்பார். போகிற வழி நூல் கிடங்குச் சுவரை ஒட்டித்தான்.

“தார் குடுக்கப் போனா அங்க எவ்ளோ நேரம் நிப்பே?” என்று நமச்சிவாயம் கேட்டார்.

“எண்ணி வாங்கற வரைக்கும்.”

“அவன் சாரத்து மேல நின்னுக்கினு இருப்பானா?”

“சாரத்துல நிக்காம வானத்துலயா நிப்பான்?”

நமச்சிவாயம் சிரிக்கவில்லை. நான் முன்னறையில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். குரலை இறக்கிப் பேசினார், அப்படியும் கேட்டது. “அந்த வெட்டு தெருவுல போறவன் கண்ணுக்குத் தெரியாது. கிட்ட வந்து, நின்னு, பாத்தாத்தான் தெரியும். பாத்திருக்கறான்.”

ராட்டை நின்றது. அம்சவேணி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து ராட்டை மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அன்றிலிருந்து நமச்சிவாயம் வீட்டில் சாப்பிடவில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் மூடியபடியே இருந்து காய்ந்தன. கடைத்தெருவில் இட்லி வாங்கித் தின்றுவிட்டு நேரே சாரத்துக்குப் போவார். முகம் எழுதுவார், ஈரத் துணியால் துடைப்பார். ஆனிக் காற்று அடித்துத் தெருப் புழுதி முழுவதும் அந்த ஈரத்தில் ஒட்டும். மறுபடியும் சுண்ணாம்பு பூசுவார். அது காய்வதற்குள் திரும்பி எதிர்ச்சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் நான் எண்ணிப் பார்த்தேன். தன் சுவரைப் பார்த்த நேரத்தைவிட எதிர்ச்சுவரைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

வடக்கு வரிசைப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து ஒருவர் பேச வருகிறார், அதற்குள் மாதாவுக்கு முகம் வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவர் நமச்சிவாயத்தின் தோளில் தட்டி, அந்தப் பக்கத்து முகத்தைவிட நல்லதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை நமச்சிவாயம் ஒரு கார்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஆரணியில் இருக்கும் மைத்துனர் முனிசாமிக்கு எழுதச் சொன்னார். வியாழக்கிழமை வந்து உன் அக்காளைக் கூட்டிக்கொண்டு போகவும்.

“எத்தனை நாளைக்குன்னு எழுதறதுண்ணே?” என்று கேட்டேன்.

“நாள் எதுவும் போடாத தம்பி.”

எழுதினேன். கடைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டேன். ஒரு நாள் தாமதித்திருக்கலாம். கொடுத்த காரியத்தை நேரத்துக்குச் செய்துவிட வேண்டும் என்ற என் பழக்கத்தை அதற்கு முன் நான் குறையாக நினைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, வகுப்புக்காக அந்த இரண்டு சுவர்களைப் பற்றி எழுதலாம் என்று நோட்டோடு நூல் கிடங்குக்கு எதிரே நின்றேன். தமிழ்த்தாயின் கையில் என்ன, கழுத்தில் என்ன என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். புருவ வெட்டு என்று எழுதியபின், எந்தப் புருவம் என்ற கேள்வி வந்தது. எனக்கு இடப்பக்கம் தெரிந்தது. அப்படியானால் படத்தில் இருப்பவளுக்கு வலது. இல்லை, இடதா? நானே படம்போல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். வெற்றிலைக் கடைக்காரர் என்ன தம்பி என்று விசாரித்தார். வலதுதான்.

வீட்டுக்கு வந்து அம்சவேணி அக்காவைப் பார்த்தேன். வெட்டு இடது புருவத்தில் இருந்தது. நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை மறுபடியும் சுவரைப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து, அக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது ஒரு தடவை, அடுப்பில் ஊதும்போது ஒரு தடவை பார்த்தேன். சந்தேகமில்லை. நேரில் பார்த்து எழுதுகிறவன் பக்கத்தை மாற்றி எழுத மாட்டான். அப்படியானால் கோதண்டபாணி அவரைப் பார்த்து எழுதவில்லை. அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அக்காவிடமே சொன்னேன்.

அம்சவேணி ராட்டையை நிறுத்தாமல் கேட்டார். பிறகு, “உனக்குத் தெரிஞ்சிச்சி பாரு,” என்றார்.

முதல் நாளே அவருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான வருஷம் நமச்சிவாயம் அவரை ஜன்னலுக்கு நேரே உட்காரவைத்து, மூன்று நாள் பார்த்து அந்த முகத்தைத் தாளில் வரைந்தாராம். ஒரு சத்திரத்துச் சுவரில் அம்மன் எழுதுவதற்காக. கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, தாளைச் சுவரில் வைத்து, கரித்தூள் முடிச்சால் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். ஆனால் அம்மனுக்குப் புருவத்தில் வெட்டு இருக்கக் கூடாது என்று சத்திரத்துக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். தாளைச் சுருட்டி வைத்தவர் அதோடு மறந்துவிட்டார். தொழில் பிரித்தபோது யானை, சிங்கம், தேர் என்று பெரிய தாள்களையெல்லாம் நமச்சிவாயம் அடம்பிடித்துத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார். சில்லறைத் தாள்களைக் கட்டோடு கோதண்டபாணி பக்கம் தள்ளினார். அந்தத் தாள் அதில் போய்விட்டது.

துளைத் தாளுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. திருப்பி வைத்தாலும் புள்ளி விழும், இடது வலதாகும். கோதண்டபாணி திருப்பி வைத்திருக்கிறார்.

“அண்ணங்கிட்ட சொல்லிடலாம்க்கா,” என்றேன். “கார்டு வேற போட்டுட்டேன்.”

“சொல்லாத. அவரு கை அது. அவரு பாத்த மொகம் அது. அவரே கண்டுபிடிக்கட்டும்.” குழலைக் கழற்றிக் கூடையில் போட்டார். “அந்தச் சொவுத்து மேல இருக்கறவளப் பத்து நாளா கண்ணு எடுக்காம பாக்கறாரு. எனக்கு அவ மேலதான் எரியுது தம்பி. இத்தினி வருசத்துல இந்த வூட்ல என்னை யாரு அப்படிப் பாத்தாங்க?”

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை நடுப்பகலில் முனிசாமி வந்தார். பஸ் புழுதி தலைமுடியெல்லாம் அப்பியிருந்தது. அன்று கடை விடுமுறை. நான் வீட்டில்தான் இருந்தேன். அம்சவேணி தம்பிக்குக் களி கிண்டி, மொச்சைக் குழம்பு ஊற்றினார். முனிசாமி சாப்பிட்டபடி ஆரணியில் மழை இல்லை, ஏரி காய்கிறது, பஸ்ஸில் ஒரு ஆடு ஏறிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கை கழுவியதும் அவர் நமச்சிவாயத்தைப் பார்த்தார்.

“கார்டு வந்துச்சி மாமா. வந்துட்டேன். என்னா சேதி?”

“உங்க அக்காளைக் கேளு மச்சான்.”

“அவளைக் கேக்கறதுன்னா நீங்க ஏன் கார்டு போடுறீங்க?”

நமச்சிவாயம் எதிர்ச்சுவர் இருந்த திசையில் கையைக் காட்டினார். “அங்க போய்ப் பாரு. பாத்துட்டு வந்து நீயே சொல்லு.”

முனிசாமி போகவில்லை. வரும்போதே பார்த்திருப்பார். அம்சவேணி ஏற்கனவே புடவைகளை ஒரு துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். எங்களுக்கு முதுகு காட்டியபடி நின்றார்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன்,” என்றார். “அவன் கிட்ட வந்து பாத்தான்னு சொன்னீங்க. சரி. நீங்க பதினெட்டு வருசமா கூடவே இருக்கறீங்க. எனக்கு வெட்டு எந்தப் புருவத்துல இருக்குது?”

நமச்சிவாயம் உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. “வலது.”

அம்சவேணி திரும்பினார். வாசல் வெளிச்சம் பக்கத்திலிருந்து அவர் முகத்தில் விழுந்தது. இடது புருவம் நடுவில் பிரிந்து தெரிந்தது.

நமச்சிவாயம் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். அவர் வலது கை மெதுவாக மேலே வந்து, இல்லாத ஒரு தாளைப் பிடித்து, காற்றிலேயே புரட்டியது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைத்ததல்ல, பார்த்தது. அவர் முகத்திலிருந்து பத்து நாள் பொறாமையும் ஒரே நொடியில் இறங்கியது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“தாளைத் திருப்பிப் போட்டிருக்கறான்,” என்றார். “அது என் தாளு. என் கை அது.”

சொல்லிவிட்டு, அம்சவேணியைத் தாண்டி, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். அவர் பின்னால் நானும் ஓடினேன். கார்டைத் தாமதிக்காமல் போட்டதற்கு அடுத்து, அதுதான் நான் செய்த இரண்டாவது தவறு.

கோதண்டபாணி சுவரின் அடியில் குந்தி, ஓரத்துக்குக் காவி தடவிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு நமச்சிவாயம் அவரிடம் பேசிய முதல் பேச்சு, தாள் எங்கே என்பதுதான்.

“சொவுத்து ஈரத்துல ஊறிக் கிழிஞ்சி போச்சி,” என்றார் கோதண்டபாணி. எழுந்திருக்கவில்லை. “கிழக்கே பாக்கணும்னாங்க. அதான் திருப்பினேன். யாரு மொகம்னு சத்தியமா நான் யோசிக்கல. கிருஷ்ணம்மா சொன்ன அப்பாலதான் ஒரைச்சிச்சி. வந்து சொல்லலாம்னா நீ என்னைப் பாத்தாலே துப்புறே.”

“உன் கையால ஏன் போடல?”

கோதண்டபாணி தூரிகையின் மயிரை விரலால் நீவினார். “நாலு நாள் போட்டுப் பாத்தேன்பா. எல்லாம் பொம்மையாட்டம் நின்னுச்சி. உன் தாளுதான் மொகமா நின்னுச்சி. உனக்கு மட்டும்தான் வயிறு எரியும்னு நெனச்சிக்கினியா?”

நமச்சிவாயம் சுவருக்கு மிக அருகில் போய் அந்த முகத்தின் கோட்டை விரல் நுனியால் தொடர்ந்தார். தாடை, காது, கழுத்து. அவர் உதடு எதையோ எண்ணியது. நான் அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை.

நாங்கள் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. கிருஷ்ணம்மாள் தன் வாசலில் நின்று மொச்சை உரித்துக்கொண்டிருந்தது.

“பஸ்ஸுக்குப் போயாச்சி. ராட்டைய அப்பால வண்டியில ஏத்தி அனுப்பச் சொன்னா,” என்றது. பிறகு நமச்சிவாயத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னது: “ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தா தம்பி. திரும்பி வருவாருன்னு.”

உள்ளே அவருக்கு வைத்த களி மூடியிருந்தது. நமச்சிவாயம் உட்கார்ந்து அதை முழுவதும் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மாதாவுக்கு முகம் வரவில்லை. விடியற்காலையிலிருந்து சாரத்தில் நின்றார். ஒரு கோடுகூடப் போடவில்லை. வடக்கு வரிசைக்காரர்கள் கோபித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய சாமந்தி மாலையைத் தொங்கவிட்டு மறைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்தவர் மாலைக்குக் கீழே நின்று ஒரு மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்து போகும்போது எதிர்ச்சுவரைப் பார்த்து, அந்த முகத்தை எழுதியது யார் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நமச்சிவாயம் கூட்டத்தின் ஓரத்தில், இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தன் கைதான் என்று சொன்னால் சொந்தக் கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஒரு கார்டோடு என் அறைக்கு வந்தார். ஆரணி விலாசத்தையும் தேதியையும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

“வரச் சொல்லி எழுது,” என்றார். நான் பேனாவை வைப்பதற்குள், “வேணாம்,” என்றார். “தப்புன்னு எழுது.” அதையும் வேண்டாமென்றார். உள்ளறை ஜன்னல் பக்கம் போய் நின்றார். ராட்டையில் பாதி சுற்றிய குழல் ஒன்று அப்படியே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். எதையோ சரிபார்ப்பது போலிருந்தது.

“இடது புருவம்னு எழுது.”

“அப்புறம்ணே?”

“அவ்ளோதான் தம்பி.”

எழுதினேன். கார்டில் நிறைய இடம் மீதி இருந்தது. அப்படியே போட்டுவிடு என்றார். இந்தத் தடவை என் பழக்கத்தை நான் குறையாக நினைக்கவில்லை. ஓடிப்போய்ப் போட்டேன்.

நான்கு நாள் பதில் இல்லை. புதன்கிழமை ஆரணிக்குப் போகும் ஒரு நெல் வண்டி கிடைத்தது. நமச்சிவாயம் ராட்டையைத் துடைத்து, சக்கரம் ஆடாமல் கயிற்றால் கட்டி, வாசலில் கொண்டுவந்து வைத்தார். வண்டி வருவதற்கு முன் தபால்காரர் வந்தார். முனிசாமியின் கார்டு. நான்தான் படித்தேன். ராட்டையை அனுப்ப வேண்டாமென்று அக்காள் சொல்லச் சொன்னாள். வருவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இங்கே இன்னும் மழை இல்லை.

நமச்சிவாயம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கயிற்றை அவிழ்த்து, ராட்டையை உள்ளே தூக்கிப்போய் ஜன்னலோரம் வைத்தார். எட்ட நின்று பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

“முன்ன இங்கதானே இருந்துச்சி தம்பி?” என்று கேட்டார்.

அடுப்புப் பக்கம் ஒரு சாண் தள்ளச் சொன்னேன். தள்ளினார்.